டிடர்ஜென்ட் – துலக்குதூள்

பாத்திரம் கழுவும் இயந்திரமான டிஷ்வாஷருக்குரிய தூள் தீர்ந்துபோன அன்று, கையால் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினால் போதாதா என்று தோன்றும். ஊற்றினால் நுரை பொங்கிக் கதவோரம் வழியும். இரண்டையும் ‘டிடர்ஜென்ட்’ என்று ஒரே பெயரால் அழைப்பதால் வரும் குழப்பம் இது.

இலத்தீனில் ‘தெர்கெரே’ என்றால் துடைத்தல். ‘தே’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் துடைத்து அகற்றுதல். டிடர்ஜென்ட் அதன் வழிவந்த சொல். நுரைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இயந்திரத்தில் அழுக்கை அடித்துத் தள்ளுவது நீரின் வேகம். நுரை அந்த வேகத்தைக் கெடுத்துவிடும். அதனால்தான் இயந்திரத் தூளில் நுரைக்கும் பொருள் மிகக் குறைவு, காரம் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்ட பொருள்) அதிகம்.

வீட்டில் கலக்கும் மாற்றுத் தூள்களுக்கும் காரமே அடிப்படை. பெரும்பாலும் சலவைச் சோடா. சமையல் சோடா அந்த இடத்தை நிரப்பாது. காரத்தின் வலுவைக் காட்டும் பிஎச் அளவு அதன் கரைசலில் சுமார் 8, சலவைச் சோடாவில் சுமார் 11. எண்ணெய்ப் பிசுக்கை அறுக்க அந்தக் காரம் வேண்டும். ஆனால் கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சலவைச் சோடா சேர்ந்தால் கண்ணாடிக் குவளைகளில் சுண்ணாம்புப் பூச்சு படியும். முன்பு தூள்களில் இருந்த பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. கழிவுநீரோடு போன பாஸ்பேட்டால் நீர்நிலைகளில் பாசி பெருகியதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அதற்குக் கடும் வரம்பு விதித்தது. இன்று கால்சியத்தைப் பிடிக்கும் அந்த வேலையைச் செய்யும் பொருள்களில் சிட்ரேட்டும் ஒன்று. வீட்டில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் சோடாவோடு கலந்து வைத்தால் ஈரம் பட்டதும் இரண்டும் பொங்கி, காரத்தின் வலு குறைந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: குளோரின் பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சலவைத்தூள்’ பழகிய சொல், ஆனால் சலவை துணிக்கு உரியது. ‘அழுக்ககற்றி’ பிழையில்லை, இலத்தீன் சொன்னதோடு நின்றுவிடுகிறது. நம்மிடம் அதைவிட நல்ல வினை இருக்கிறது. துலங்குதல் என்றால் ஒளிர்தல்; ஒளிரச் செய்வது துலக்குதல். விளங்கு, விளக்கு என்ற இணையும் இப்படித்தான்: பாத்திரத்தையும் விளக்குகிறோம், பல்லையும் விளக்குகிறோம். அழுக்கு போனால் மட்டும் போதாது, பாத்திரம் பளிச்சென்று ஆக வேண்டும் என்பது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்பு படிந்த குவளையில் அழுக்கு இருக்காது, ஆனால் அது துலங்காது.

ஆகவே இயந்திரத்துக்குப் போடுவதைத் ‘துலக்குதூள்’ என்பேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, நடுவில் ‘த்’ மிகாது. கையால் பாத்திரம் கழுவுவதற்கானதைக் ‘கழுவுநீர்மம்’ என்று பிரித்துச் சொல்லலாம். கடைசி அலசலில் நீர்த்துளி தங்காமல் வழிய, இயந்திரத்தின் ஒரு சிறு அறையில் ஊற்றி வைக்கும் திரவமான ரின்ஸ் எய்டுக்கு ‘அலசுதுணை’ பொருந்தும். அப்புறம், அந்தச் சிறு அறையில் அலசுதுணைக்குப் பதிலாக வினிகரை ஊற்றும் வழக்கம் உண்டு. தொடர்ந்து ஊற்றினால் ரப்பர் பாகங்கள் கெடக்கூடும்.