கெய்ரோவின் சுல்தான்கள் கல்லறையைத் தெருப்பக்கம் வைத்தது ஏன்?

1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் விலைக்கு வாங்கப்பட்ட போர்வீரர்கள். கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளிலிருந்தும், பின்னாளில் காகசஸ் மலைப்பகுதியிலிருந்தும் சிறுவயதில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இஸ்லாமிய மார்க்கமும் போர்க்கலையும் கற்று, விடுதலை பெற்று, தளபதிகளானார்கள். சிலர் அரியணையும் ஏறினார்கள். சுல்தான் கலாவூனை வாங்கியவர் கொடுத்த விலை 1,000 தினார் (பொற்காசு) என்பதைக் கலாவூனின் பட்டப்பெயரான ‘அல்-அல்ஃபி’யே (ஆயிரத்துக்கு வந்தவர்) சொல்லும்.

இவர்களுக்குக் குலப்பெருமை கிடையாது. அமீர் எனப்பட்ட தளபதி ஒருவருக்கு ஒதுக்கிய நிலவருவாய், அவர் இறந்ததும் அரசுக்கே போய்விடும். சொந்தமாகச் சேர்த்ததையும் அடுத்த சுல்தான் பறிமுதல் செய்யலாம். இந்த நிலையில் இருந்தவர்கள் ஏன் கெய்ரோவை மசூதிகளாலும் மதரசாக்களாலும் நிரப்பினார்கள்? பக்தியும் புகழாசையும் இருந்தன. அவற்றோடு வக்ஃபு என்ற சட்ட ஏற்பாடும் இருந்தது. அது புரிந்தால்தான் அந்தக் கட்டடங்கள் புரியும்.

ஒருவர் தன் கடைகளையும் வாடகை வீடுகளையும் வயல்களையும் அறப்பணிக்கென்று வக்ஃபு செய்துவிட்டால், அவற்றை விற்கக் கூடாது, வாரிசுகள் பங்கு பிரிக்கக் கூடாது. வருமானத்திலிருந்து இமாம், ஆசிரியர், மாணவர், குர்ஆன் ஓதுபவர், விளக்கேற்றுபவர் எல்லோருக்கும் சம்பளம் போகும். நிர்வாகி யார் என்று எழுதிவைத்தவரே முடிவு செய்யலாம். தன் பிள்ளைகளையே நியமிக்கலாம். செலவு போக மிஞ்சியது குடும்பத்துக்கு என்றும் எழுதலாம். சொத்தைப் பறிகொடுக்காமல் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல இதைவிட நல்ல வழி அன்று இல்லை. ஊருக்கும் பள்ளியும் குடிநீரும் மருத்துவமும் கிடைத்தன. துருக்கி மொழி பேசிய இந்தப் போர்வீரர்களை அரபு மொழி பேசிய மக்களோடு இணைத்த மார்க்க அறிஞர்களான உலமாக்களும் இந்தச் சம்பளங்களில்தான் வாழ்ந்தார்கள். இதில் பக்தி எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வீண் வேலை என்றே நினைக்கிறேன். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் பர்ஸ்பாய் தன் வக்ஃபு விவரங்களைக் கட்டடச் சுவரிலேயே கல்லில் பொறித்துவைத்தார். பத்திரத்தை ஒளித்துவிடலாம், சுவரை எங்கே ஒளிப்பது?

அப்புறம் கல்லறை விஷயம். சமாதிமேல் பெரிய கட்டடம் எழுப்புவதை மார்க்க அறிஞர்கள் பலர் விரும்பவில்லை. மதரசாவோடும் மருத்துவமனையோடும் சேர்த்துக் கட்டினால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அதையும் தெருவோரம் வைத்தார்கள். ஜன்னல் வழியே குர்ஆன் ஓதும் குரல் கேட்கும். போகிறவர்கள் உள்ளே அடங்கியிருப்பவருக்காக ஒரு துஆ (பிரார்த்தனை) செய்வார்கள்.

இதில் ஒரு வடிவியல் சிக்கல் உண்டு. தொழுமிடம் மக்காவின் திசையை, அதாவது கிப்லாவைப் பார்க்க வேண்டும். கெய்ரோவின் பெரிய தெருக்கள் அந்தத் திசைக்கு ஒத்துப்போகவில்லை. எனவே முகப்பைத் தெருவின் கோட்டிலும் உட்பகுதியைக் கிப்லாவின் கோட்டிலும் அமைத்து, இடையில் வரும் கோண வித்தியாசத்தைச் சுவருக்குள் ஒளித்தார்கள். சுவர் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்துப்போகும். நுழைவுப் பாதை வளைந்து செல்லும். வெளியே நிற்பவருக்கும் உள்ளே தொழுபவருக்கும் எல்லாம் நேராகவே தெரியும். மம்லூக்குகளுக்கு முன்பே, 1125இல் அன்று எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய வம்சத்தவர் கட்டிய அல்-அக்மர் மசூதியிலேயே இந்த உத்தி இருக்கிறது.

1284-85இல் கலாவூன் எழுப்பிய வளாகம், ஃபாத்திமியரின் மேற்கு அரண்மனை நின்ற இடத்தில் இருக்கிறது. பழைய வம்சத்தின் மனையில் புதியவரின் மருத்துவமனை, மதரசா, கல்லறை. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி அந்த மருத்துவமனையில் இலவச சிகிச்சை தரப்பட்டது. அமீர்கள் பதவிப் பிரமாணம் எடுக்கும் சடங்கும், எதிரே இருந்த, மம்லூக்குகளுக்கு முன் ஆண்ட அய்யூபிய வம்சத்துச் சுல்தானின் கல்லறையிலிருந்து கலாவூனின் கல்லறைக்கு இடம் மாறியது. பக்கத்திலேயே அவர் மகன் அன்-நாசிர் முகம்மதின் மதரசா. அதன் வாசல், 1291இல் சிலுவைப் போர்வீரர்களிடமிருந்து கைப்பற்றிய அக்கா (Acre) என்ற கடற்கரை நகரத்தின் தேவாலயம் ஒன்றிலிருந்து பெயர்த்து வந்தது. வெற்றிச் செய்தியை எழுதக்கூட வேண்டியதில்லை.

கலாவூனின் பேரன் சுல்தான் ஹசன்; அன்-நாசிரின் மகன். சிறுவனாக அரியணை ஏறியவர், பெரும்பாலும் அமீர்களின் பிடியில் இருந்தவர். 1348இல் கொள்ளைநோய் எகிப்தைச் சூறையாடியபோது வாரிசில்லாமல் இறந்தவர்களின் சொத்துகள் கருவூலத்தில் குவிந்தன. அந்தப் பணமும் சேர்ந்துதான், 1356இல் தொடங்கிய அவருடைய பிரம்மாண்டக் கட்டடமானது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நீளம் சுமார் 150 மீட்டர், வாசலின் உயரம் சுமார் 38 மீட்டர். மத்ஹபு எனப்படும் நான்கு சுன்னி சட்ட மரபுகளுக்கும் தனித்தனி மதரசா. கல்லறையோ கிப்லாச் சுவருக்கு அப்பால், ஆட்சிபீடமான கோட்டையை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்கிறது. தொழுகிறவர்கள் எல்லோரும் அதன் திசையில்தான் குனிகிறார்கள். இது எனக்கு மிகத் துணிச்சலான ஏற்பாடாகப் படுகிறது.

1361இல் அந்தக் கட்டடத்தின் மினாரா ஒன்று இடிந்து விழுந்து சுமார் 300 பேர் இறந்தார்கள். மக்கள் அதை அபசகுனம் என்றார்கள். 33 நாட்களில் ஹசன் கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. கோட்டையை அதட்டும்படி கட்டிய உயரம், பிறகு ஆட்சியாளர்களுக்கே தலைவலியானது. கலகக்காரர்கள் கூரையேறிக் கோட்டையைத் தாக்கினார்கள். சுல்தான் பர்கூக் மேலே போகும் படிகளை இடிக்கச் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் சுல்தான் அல்-முஅய்யத், ஹசன் கட்டடத்தின் வெண்கலக் கதவை 500 தினாருக்கு வாங்கி, ஸுவைலா என்ற நகர வாசலை ஒட்டிய தன் மசூதியில் மாட்டினார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.