கேஷ் ஃப்ளோ: பணப்புழக்கம் அல்ல, பணவோட்டம்

சிறுதொழில் செய்வோருக்கான மாதாந்தரக் கணக்கு அறிக்கைகளைத் தமிழில் விளக்குகிறவர்கள் 'கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்' வந்ததும் 'பணப்புழக்க அறிக்கை' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பணப்புழக்கம் ரிசர்வ் வங்கி கவலைப்பட வேண்டிய விஷயம். நாடு முழுக்கக் கைமாறிக்கொண்டிருக்கும் பணம் அது. லேத் பட்டறைக்காரர் அதை எங்கே போய் அளப்பார்?

'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலிய வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, அதன் ஆதி அர்த்தம் பெட்டி. (நம் 'காசு' போர்த்துக்கீசியர் வாய்வழி போய்ச் சில்லறை நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு 'கேஷ்' ஆனது. அது வேறு சொல்.) ஆக, கேஷ் ஃப்ளோ என்பது கல்லாப்பெட்டிக் கணக்கு: தொடக்க இருப்பு, வந்தது, போனது, இறுதி இருப்பு. 'புழக்கம்' என்ற சொல்லில் உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை.

இது வெறும் சொல் தகராறு அல்ல. ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,18,000-க்கு பில் போடுகிறீர்கள். லாப நட்டக் கணக்கில் அந்த மாதமே விற்பனை ஏறிவிடும். வாங்கியவர் இரண்டு மாதம் கழித்துத்தான் தருவார். மாதந்தோறும் தாக்கல் செய்பவரானால், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்து மிச்சத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாளில் லாபம், கல்லாவில் காற்று. இந்த இடைவெளியைக் காட்டத்தானே அந்த அறிக்கை!

'ரொக்க ஓட்டம்' பரவாயில்லை. ரொக்கம் தமிழா என்று சண்டைக்கு வருவோர் வரட்டும், என் குறை அதுவல்ல. "ரொக்கமா, ஜிபேயா?" என்று கேட்கும் கடைத்தெருவில் ரொக்கம் என்றால் கையில் எண்ணும் நோட்டு. கணக்கிலோ வங்கி இருப்பும் 'கேஷ்'தான். இலங்கைப் பாடநூல்களின் 'காசுப் பாய்ச்சல்' துல்லியமானது; அங்கே காசேடும் ('கேஷ் புக்') உண்டு. இங்கே 'பாய்ச்சல்' என்றால் புலிதான் நினைவுக்கு வரும்.

"பண ஓட்டமே இல்லீங்க" என்று வியாபாரிகள் சொல்வது மொழிபெயர்ப்பாளர் காதில் விழுவதே இல்லையா? பணவோட்டம், பணவோட்ட அறிக்கை. முடிந்தது. 'ஓப்பனிங் பேலன்ஸ்' என்பதைத் 'திறப்புச் சமநிலை' ஆக்குகிறவர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது என் தப்புதான். பேரேட்டை ஒருநாள் புரட்டியிருந்தால் 'தொடக்க இருப்பு' முதல் வரியிலேயே கிடைத்திருக்கும்.