நாக்கில் சேரும் கொழுப்பும் நள்ளிரவில் தடைப்படும் மூச்சும்

உறக்கத்தில் மூச்சுத் தடை இருப்பதாகக் கண்டறியப்பட்ட தம் கணவர் ஆறு மாதங்களில் ஒன்பது கிலோ எடை குறைத்தார் என்றும், குறட்டை பாதியாகத் தணிந்ததோடு பகலில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடும் வழக்கமும் நின்றது என்றும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். "வயிறு குறைந்ததற்கும் தொண்டை திறந்ததற்கும் என்ன தொடர்பு?" என்பது அவரது கேள்வி. விடையின் பெரும்பகுதி நாக்குக்குள் இருக்கிறது.

மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்டிருப்பது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அதற்கு மேலே, நாக்கின் பின்புறம் உள்ள தொண்டைப் பகுதிக்கு அத்தகைய தாங்கல் கிடையாது. பேசவும் விழுங்கவும் வேண்டியிருப்பதால் அது நெகிழ்வான தசைக்குழாயாகவே அமைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது நாக்கை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகள் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவற்றின் பிடி தளர்கிறது. இளநீரில் ஊறிப்போன காகித உறிஞ்சுகுழலை வேகமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இயல்பான தொண்டை ஒட்டிக்கொள்ள வேண்டுமானால், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 8 முதல் 10 செ.மீ. நீரழுத்தம் குறைவான உறிஞ்சல் தேவைப்படும். இந்நோய் கடுமையாக உள்ளவர்களுக்கோ உறிஞ்சலே இல்லாதபோதும் வழி மூடிக்கொள்ளக்கூடும். குறைந்தது பத்து நொடி மூச்சு தடைப்படுவதை ஒரு தடை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 5 வரை இயல்பு, 15ஐத் தாண்டினால் மிதமான நோய், 30ஐத் தாண்டினால் கடுமையான நோய்.

கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெளியிலிருந்து குழாயை நெரிக்கிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம். அது உண்மைதான், ஆனால் ஒரே அளவு பருமனுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் மூச்சு நிற்கிறது என்ற கேள்விக்கு அது போதுமான விடை தரவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஷ்வாப் குழுவினர் உடற்பருமன் கொண்ட நோயாளிகள் 90 பேரையும், அதேபோல் பருமனாக இருந்தும் நோயில்லாத 31 பேரையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் நாக்கு பெரிதாகவும் அதற்குள் கொழுப்பு மிகுந்தும் இருந்தது தெரியவந்தது. அந்தக் கொழுப்பு நாக்கின் அடிப்பகுதியில், மூச்சுவழியை ஒட்டியே அதிகம் சேர்ந்திருந்தது. வாய்க்கொழுப்பு என்று நாம் திட்டும் சொல்லாகப் பயன்படுத்துவது, சொல்லின் நேர்ப்பொருளிலேயே உடலில் இருக்கிறது.

உயிரோடிருக்கும் மனிதரின் நாக்குத் தசைக்குள் இருக்கும் கொழுப்பை வெட்டிப் பார்க்காமல் அளந்த முறையைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. எம்.ஆர்.ஐ. கருவி நம் உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சுழற்சியைக் கேட்கிறது. நீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன. வேறுபாடு பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்குதான். ஒன்றரை டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 220 சுழற்சிகள் ஆகிறது. ஒரே நேரத்தில் ஆட்டிவிடப்பட்ட இரண்டு ஊஞ்சல்களில் ஒன்று மிகச் சிறிதளவு வேகமாக ஆடினால், சிறிது நேரத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கும், பிறகு மறுபடி சேர்ந்து ஆடும். நீரும் கொழுப்பும் சேர்ந்து ஆடும் கணத்தில் ஒரு படமும் எதிரெதிரே நிற்கும் கணத்தில் ஒரு படமும் எடுத்தால், முதற்படத்தில் இரண்டின் கூட்டுத்தொகையும் இரண்டாம் படத்தில் அவற்றின் வேறுபாடும் கிடைக்கும். இரு படங்களையும் கூட்டினால் கொழுப்பு நீங்கி நீர் மட்டும் நிற்கும். கழித்தால் கொழுப்பு மட்டும் நிற்கும். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைக் கொண்டு தாமஸ் டிக்சன் 1984இல் முன்வைத்த வழி இது. காந்தப்புலம் எல்லா இடத்திலும் சீராக இல்லாததால் வரும் பிழையைத் திருத்த, பின்னாளில் மூன்றாவது படமும் சேர்க்கப்பட்டது. அந்த மேம்பட்ட வடிவத்தைத்தான் நாக்கை அளக்க ஷ்வாப் குழு பயன்படுத்தியது.

அதே குழு 2020இல் அடுத்த கேள்விக்கு விடை கண்டது. உணவுமுறை மாற்றத்தாலோ அறுவை சிகிச்சையாலோ எடை குறைத்த 67 பேரை முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். ஆறு மாதங்களில் சராசரியாக ஏறத்தாழ 10 விழுக்காடு எடையும், 31 விழுக்காடு மூச்சுத்தடையும் குறைந்திருந்தன. தொண்டைப் பகுதியில் ஏற்பட்ட மாற்றங்களுள், அந்த முன்னேற்றத்தோடு மிக நெருக்கமாக இணைந்திருந்தது நாக்கின் கொழுப்புக் குறைவே. வாசகியின் கணவருக்கும் இதுவே நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நாக்கு தடிப்பது ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்றால், அது தாடையெலும்பு என்ற அளவு மாறாத பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. பெட்டிக்குள் சதை கூடும்போது, விட்டுக்கொடுக்கக்கூடியது நடுவிலுள்ள காற்றுவெளி மட்டுமே. சிறிய தாடை உடையவர்களுக்கு, வெளிப்பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும், சிறிதளவு கொழுப்பே போதுமானதாகிவிடுவதும் இதனால்தான்.

வயிற்றுக்கும் இதில் பங்குண்டு. மல்லாந்து படுக்கும்போது தொப்பைக் கொழுப்பு உதரவிதானத்தை மார்புக்குள் தள்ளுகிறது. நுரையீரலின் கொள்ளளவு சுருங்குகிறது. இயல்பாக நுரையீரல் விரியும்போது மூச்சுக்குழாய் கீழ்நோக்கி இழுபட்டு, தொண்டைச் சுவரையும் விறைப்பாக வைத்திருக்கும். அந்த இழுவை குறைந்ததும் சுவர் தொய்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குக் குறட்டை அடங்குவதற்கு, நாக்கு பின்னால் சரியாததும் ஒரு காரணம்.

குறட்டை விட்டுத் தூங்குபவரை நிம்மதியாக உறங்குபவர் என்று வாழ்த்துவதும், மூச்சுத் திணறி விழிப்பவரைப் பேய் அமுக்கியதாகச் சொல்லித் தாயத்துக் கட்டுவதும் நம் வீடுகளில் இன்னும் நடக்கின்றன. அவ்வாறு கழியும் ஆண்டுகளில் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. தசையில் கொழுப்பை அளப்பது போன்ற, உடனடிப் பயன் தெரியாத அடிப்படை ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் நாடு இந்த நோயின் காரணத்தைத் தானே கண்டறிய முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் உறக்கப் பரிசோதனை வசதி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுவே. எடை குறைக்கும் டிர்செப்படைட் ஊசியை, பருமனும் மணிக்குச் சுமார் 50 தடைகளும் கொண்டவர்களுக்கு ஓராண்டு கொடுத்த ஆய்வில் தடைகள் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 29 வரை குறைந்தன. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதை இந்நோய்க்கு அனுமதித்தது.

கணவர் சிபாப் கருவியைத் திருப்பித் தந்துவிடலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். குறட்டையின் ஓசை தணிந்ததை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஓசை அடங்கிய பிறகும் தடைகள் எஞ்சியிருக்கலாம். இன்னொரு முறை உறக்கப் பரிசோதனை செய்து, மணிக்கு எத்தனை என்ற அந்த எண்ணை மருத்துவர் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை கருவி கட்டிலருகிலேயே இருக்கட்டும்.