சிங்க்: பாட்டு ஒரு பக்கம், லேசர் ஒரு பக்கம்

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சாமி கும்பிடு என்றால் ரேடியோ செட், சீரியல் செட் வரிசையில் இப்போது லேசரும் சேர்ந்துவிட்டது. பாட்டில் அடி விழுகிற இடத்தில் பச்சைக் கதிர் வெட்ட வேண்டும். அரை நொடி கழித்து வெட்டினால் கூட்டத்தில் நிற்கிற சின்னப் பையனுக்கும் தெரிந்துவிடும், "அண்ணே, சிங்க் ஆகலண்ணே" என்று கத்துவான். அது என்ன சிங்க்?

சிங்க்ரனைஸ் என்பதன் குறுக்கம்தான். மூலம் கிரேக்கம்: 'சின்' என்றால் உடன், 'குரோனோஸ்' என்றால் காலம். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்து, படச்சுருளும் ஒலியும் ஒன்றாக ஓடியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது ஸ்டூடியோக்காரர்கள் வாயில் அது சுருங்கியது. கிளாப் பலகையைத் தட்டுவதும் இதற்காகத்தான். பலகை மூடுகிற படமும் 'டப்' என்கிற சத்தமும் ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த ஷாட்டில் மீதியெல்லாம் தானாகப் பொருந்திவிடும். (தமிழில் எழுதினால் பாத்திரம் கழுவுகிற சிங்க்கும் இதுவும் ஒரே எழுத்து என்பது வேறு தொல்லை.)

தமிழில் 'ஒத்திசைவு' என்கிறோம், போனைத் தமிழில் வைத்திருப்பவர்கள் 'ஒத்திசை' என்ற பொத்தானைப் பார்த்திருப்பார்கள். இதில் வருகிற 'இசை' பாட்டு இல்லை. இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ஒரு காரியத்துக்கு இசைவு தருகிறோமே, அந்த இசை. நல்ல சொல்தான், ஆனால் இதற்குள் காலம் இல்லை, சுருதியோ கருத்தோ பொருந்துவதற்கும் இதையே சொல்கிறோம். கிரேக்கத்துக்கு நேராக வேண்டுமென்றால் 'உடனிகழ்வு' இருக்கிறது, மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று இலக்கணப் பாடத்தில் வருமே, அதே உடன். ஆனால் அது தற்செயலாக ஒரே நேரத்தில் நடந்ததையும் குறிக்கும், நடக்க வைக்கிற வேலையைக் குறிக்காது. அதனால் என் ஓட்டு ஒத்திசைவுக்கே.

ஒத்திசைவு என்றதும் எல்லாம் சமமாக ஓடுவதுபோலத் தோன்றும். நடப்பில் ஒன்று முன்னே போகும், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு போகும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, அதன் பின்னே முழவு என்று வரிசை சொல்லியிருக்கும். லேசர் ஷோவில் குழலின் இடத்தில் இருப்பது டைம்கோடு. மணி, நிமிடம், நொடி, பிரேம் (நொடிக்குள் வருகிற படக்கட்டம்) நான்கையும் சுமந்து வருகிற ஒரு கரகர ஒலி அது, காதில் விழுந்தால் பழைய பேக்ஸ் மிஷின் மாதிரி இருக்கும். பாட்டு ஃபைலின் இடது டிராக்கில் பாட்டையும் வலது டிராக்கில் டைம்கோடையும் வைத்து, வலதை லேசர் கணினிக்கு மட்டும் அனுப்பினால் போதும், பாட்டை நிறுத்தினால் லேசரும் நிற்கும், நடுவில் இருந்து போட்டால் அதுவும் நடுவில் இருந்து வரும். அந்த ஒயரைத் தவறிப்போய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போட்டுவிடாதீர்கள், ஊரே காதைப் பொத்தும்.

சரி, 'சிங்க் போச்சு' என்கிற ஒரே பேச்சுக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறு ஒளிந்திருக்கிறது. அவற்றுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பாட்டு தொடங்கியதில் இருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளி வந்தால் அது பிந்தல் (அல்லது முந்தல்). தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக இடைவெளி வளர்ந்தால் அது விலகல்.

விலகலுக்கு முதலில் டிஜேவைத்தான் பார்க்க வேண்டும். குத்துப் பாட்டு கொஞ்சம் வேகமாகப் போகட்டும் என்று 2 சதவீதம் ஏற்றினால் 4 நிமிடப் பாட்டில் ஏறக்குறைய 5 நொடி ஓடிவிடும், டைம்கோடு இல்லாமல் தனியாக ஓடவிட்ட லேசர் பழைய வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும். அவர் கை வைக்கவில்லை என்றால் பிரேம் கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் நொடிக்கு 30 பிரேம், இன்னொரு பக்கம் 29.97 என்று இருந்தால் மணிக்கு 3.6 நொடி, அதாவது 5 நிமிடத்துக்கு 0.3 நொடி விலகும். இரண்டு லேப்டாப்பின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை என்று பலர் சொல்வார்கள், அது உண்மைதான், ஆனால் ஒரு பாட்டுக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவு அது விலகாது.

பிந்தலில் பல வகை. லேப்டாப்பில் இருந்து மிக்சருக்கு புளூடூத்தில் பாட்டு போனால் சத்தம் 100 முதல் 300 மில்லிநொடி வரை பிந்தும், மருந்து ஒரு ஒயர். ஒயர் போட்ட பிறகும் பிந்தினால் அது தூரம். ஒளிக்கு நம் ஊர்த் தூரமெல்லாம் தூரமே இல்லை, ஒலியோ நம் வெயிலில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர்தான் போகும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் கரைக்குக் கரை சுமார் 1000 அடி. இந்தக் கரையில் பெட்டியையும் லேசரையும் வைத்து எதிர்க்கரையில் நின்று பார்த்தால் அடி விழுவது முக்கால் நொடிக்கும் மேல் பிந்தித்தான் கேட்கும், எந்தக் கருவியிலும் குற்றம் இல்லை.

இதைச் சமாளிக்க லேசரை வேண்டுமென்றே பிந்த வைக்கலாம். ஆனால் கூட்டத்தின் நடுவுக்குப் பொருந்துகிற மாதிரி முழுக்கத் தள்ளிவிடக் கூடாது. மின்னலுக்குப் பிறகு இடி கேட்டே பழகியதால் ஒலி பிந்துவதை மனசு பொறுக்கும், முந்துவதைப் பொறுக்காது. தொலைக்காட்சிக்கான ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. பெட்டியில் இருந்து 7 மீட்டரில் முன்வரிசை, 60 மீட்டரில் கடைசி ஆள் என்று வைத்தால் ஒலி அங்கே 20, இங்கே 171 மில்லிநொடியில் சேரும். லேசரை 60 மில்லிநொடி தள்ளினால் ஒலி முன்னால் 40 முந்தும், பின்னால் 111 பிந்தும், இரண்டும் அளவுக்குள்தான். தெருவெல்லாம் குழாய் கட்டிய ஊரில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஒயரில் போகிற சத்தம் தூரத்துக் குழாயிலும் உடனே கேட்டுவிடும்.

எவ்வளவு பிந்துகிறது என்று அளக்க கிளாப் பலகை வேலையையே செய்யலாம். ஒரே ஒரு 'டிக்' சத்தம், அதே இடத்தில் ஒரே ஒரு வெள்ளை வெட்டு என்று சின்ன ஷோ ஒன்று எழுதி, கூட்டம் நிற்கப்போகிற இடத்தில் நின்று போனில் 240 பிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் வெட்டுக்கும் டிக்குக்கும் நடுவில் பிரேமை எண்ணுங்கள். ஒரு பிரேம் 4 மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேல்.

அப்புறம், லேசர்காரர்கள் இன்னொன்றையும் சிங்க் என்பார்கள், அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. கதிரைத் திருப்புகிற குட்டிக் கண்ணாடிகள் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கும், கதிரோ உடனே எரியும், உடனே அணையும். அதனால் லேசரில் எழுதுகிற எழுத்துக்கு எழுத்து வால் முளைக்கும், நிறம் பக்கத்துக் கோட்டில் ஒழுகும். மென்பொருளில் கலர் ஷிப்ட் என்று இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வால் மறைகிற இடத்தில் விட்டுவிட வேண்டும்.