ஓ.பி. கவுன்டர் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு திருநங்கைக்குக் காய்ச்சல் வந்தால் அவர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். அதுவும் சொந்த ஊர்க் கடைக்கு இல்லை. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குப் போவார். பொள்ளாச்சிக்காரர் பஸ் ஏறி, கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் வருவார். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான்.

பாலக்காடு எல்லையோரம் பொது மருத்துவராக இருப்பதால் இரண்டு பக்கத்து ஆட்களையும் நான் பார்க்கிறேன். அவர்கள் கையில் ஒரு கேரி பேக் இருக்கும். உள்ளே கோயம்புத்தூர்ச் சீட்டு, பாலக்காட்டுச் சித்தூர்ச் சீட்டு, ஏதோ ஒரு லேப் ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். ஒன்றில் ஆதார் பெயர், இன்னொன்றில் அவர்களே வைத்துக்கொண்ட பெயர், மூன்றாவதில் வாய்க்கு வந்த பெயர். ஒரே ஆளுடைய சர்க்கரை மூன்று ஆண்டுகளில் எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டுமென்றால், முதலில் இந்த மூன்று பேரும் ஒருவர்தானா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் மாறிப் போவதால் மானம் தப்பிக்கிறது, வைத்தியம் அறுந்துபோகிறது.

"அவங்களுக்கு ஆஸ்பத்திரின்னாலே ஒரு பயம், கவுன்சிலிங் கொடுத்தா சரியாயிடும்" என்று சக மருத்துவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து யாரும் பயப்படவில்லை. ஏற்கெனவே நடந்தது மறுபடி நடக்கும் என்றுதான் பயப்படுகிறார்கள். அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்டால் இன்னொன்றும் தெரியவரும். பெரும்பாலான அவமானம் மருத்துவரின் அறைக்குள் நடப்பதில்லை. அதற்கு முன்பே, வாசல் செக்யூரிட்டியிடம், ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில், ஆண் வரிசையா பெண் வரிசையா என்று நிற்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது. ஊசியும் மருந்தும் வரைக்கும் பலர் வந்து சேர்வதே இல்லை.

சர்க்கரை 400-ஐத் தாண்டி வந்த ஒருவர் சொன்னார்: "டாக்டரம்மா, சுகர் ஏறுனதுக்குப் பயமில்லீங்க. மைக்குல அந்தப் பழைய பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க பாருங்க, அப்ப அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க. அதுக்குத்தான் வரல." (இங்கே நான் சொல்லும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இதற்கு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீட்டுப் போடும்போதே ஒரு துண்டுத் தாளில் "ஆதார் பெயர் இது. கூப்பிட வேண்டிய பெயர் இது. முடியாவிட்டால் டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வரிசை முழுக்கக் கேட்கும், கவுன்டர்க்காரரும் "என்னது?" என்று இரண்டு தரம் சத்தமாகக் கேட்பார். தாளைக் கொடுத்தால் அந்தக் கூத்து இல்லை. தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி எழுதிப் பர்சில் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கேரள அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இணையத்திலேயே ஓ.பி. டிக்கெட் எடுத்துவிடலாம் என்பதால் வரிசையில் நிற்கும் நேரமும் குறையும்.

எங்கள் கிளினிக்கில் பதிவுச் சீட்டில் "எந்தப் பெயரில் கூப்பிடலாம்?" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். எல்லோருக்கும் அதே சீட்டுதான். ஆச்சரியம் என்னவென்றால், அதை அதிகம் நிரப்புவது வயதானவர்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊர் கூப்பிடுவது வேறு பெயர் அவர்களுக்கு. கழிவறைக் கதவில் இருந்த ஆண், பெண் படத்தை எடுத்துவிட்டு, உள்ளே நல்ல தாழ்ப்பாள் போட்டோம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் அட்டெண்டர் அக்காவுக்கு நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. முதல் தடவை ஒரு திருநங்கை வாசலில் தயங்கி நின்றபோது, "அம்மிணி, வெயில்ல நிக்காதீங்க, அந்த ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்றார். அவர் எல்லாப் பெண்களிடமும் பேசுவது அப்படித்தான். அந்த நோயாளி தன் கூட்டாளிகளையும் அடுத்தடுத்து அழைத்துவந்தார். என் படிப்பைப் பார்த்து வந்தார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை.

அடுத்த பயம், அறைக்குள் கேட்கப்படும் கேள்விகள். காது வலி என்று போனவரிடம் "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று கேட்கிறார்கள். தொண்டைப் புண்ணுக்குப் போனவரைத் துணி விலக்கச் சொல்கிறார்கள். பயிற்சி மாணவர்கள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். இப்படி நடந்தால் கோபப்படாமல், அழாமல் கேட்க ஒரு வாக்கியம் இருக்கிறது: "டாக்டர், என் காது வலிக்கு இது எதுக்குத் தேவைன்னு சொல்லுங்க." தேவை இருந்தால் மருத்துவர் காரணம் சொல்வார். இல்லாவிட்டால் அவருக்கே உறைக்கும். மாணவர்கள் பார்ப்பதற்குச் சம்மதமில்லை என்று சொல்லலாம். பரிசோதனையின்போது கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இதெல்லாம் எந்த நோயாளிக்கும் உள்ள உரிமை.

ஆனால் சில கேள்விகள் நிஜமாகவே தேவை, அவற்றை மறைக்காதீர்கள். என்ன ஹார்மோன் எடுக்கிறீர்கள், எவ்வளவு நாளாக, யார் எழுதிக்கொடுத்தது, அறுவைச் சிகிச்சையில் எது அகற்றப்பட்டது, எது இன்னும் இருக்கிறது. பெயர் ஞாபகமில்லையா? மாத்திரை அட்டையையே கொண்டுவாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருவர் இடது கெண்டைக்கால் வீங்கி, தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோல் பளபளவென்று ஆன பிறகு வந்தார். நடந்ததால் வந்த வலி என்றார். புகைப்பழக்கம் உண்டு. பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது: உடம்பில் பெண்மை கூடட்டும் என்று கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைகளில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். டாப்ளர் ஸ்கேனில் இரத்தக் கட்டி தெரிந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஹார்மோனை நிறுத்திவிடுங்கள் என்று அதட்டுவது என் வேலை இல்லை. ஆபத்து குறைந்த எஸ்ட்ராடையால் வகைகள் இருக்கின்றன, தோலில் பூசும் ஜெல் கூட இருக்கிறது. இரத்தப் பரிசோதனையோடு அதைச் சரியான அளவில் எடுக்க ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் போதும். அந்த நோயாளி இன்று அப்படித்தான் எடுக்கிறார்.

திருநம்பிகள், அதாவது பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர்கள், இன்னும் குறைவாகவே வருகிறார்கள். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் அடிவயிற்று வலியோடு மாதக்கணக்கில் இருந்தார். தாடி வைத்த ஆள் எப்படிப் பெண்கள் மருத்துவப் பிரிவு பெஞ்சில் உட்காருவது? நியாயமான கேள்விதான். அந்த மருத்துவரிடம் நானே போனில் பேசி, ஓ.பி. முடியும் நேரத்தில், கடைசி ஆளாக அனுப்பினேன். நோயாளிகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: உங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மருத்துவரிடம் அவரையே பேசச் சொல்லுங்கள், அல்லது சீட்டில் விவரமாக எழுதித்தரச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய் இருக்கும் வரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் தேவை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி கருத்தடை ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி எடுப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறும். லேப்பில் பாலினம் பெண் என்று போட்டிருந்தால், ஆண்களுக்குச் சரியான அளவையும் அதிகம் என்று அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்கள் உண்டு. உண்மையிலேயே அளவுக்கு மீறி ஏறுவதும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்ல, ஊசி விஷயம் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரயிலில் கடை கேட்க, அதாவது காசு கேட்க, போகிற அக்காமார்களுக்கு வருவது வேறொரு தொல்லை. எந்தக் கழிவறைக்குப் போனாலும் சண்டை என்பதால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் கல்லும் வராமல் என்ன செய்யும்? நிர்வாணம் (திருநங்கையர் வழக்கில் ஆணுறுப்பை அகற்றிக்கொள்வது) செய்துகொண்டவர்களில் சிலருக்குச் சிறுநீர்த் துவாரம் நாளாக நாளாகச் சுருங்கிவிடும். "நூல் மாதிரிதான் வருதுங்க" என்பார்கள், அதையும் ஏதோ விதி மாதிரி. அது விதி இல்லை. ஆரம்பத்திலேயே வந்தால் சிறுநீரகப் பிரிவில் துவாரத்தைப் பெரிதாக்கிவிட முடியும். தள்ளிப்போட்டால் சிறுநீரகமே கெடும். அறுபது வயதுக்கு மேல் உள்ள அம்மாக்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: நிர்வாணத்திலும் சரி, பெரிய மருத்துவமனை அறுவைச் சிகிச்சையிலும் சரி, புராஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை. அதில் வரும் தொந்தரவு உங்களுக்கும் வரலாம்.

எய்ட்ஸ் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. காய்ச்சலுக்குப் போனாலும், கை ஒடிந்து போனாலும் திருநங்கை என்றவுடன் நேராக அந்தப் பரிசோதனைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்ற புகாரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை அடுத்தவரிடம் சொல்லவும் கூடாது. அதே நேரம், நீங்களாகப் பார்த்துக்கொள்ள விரும்பினால் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், கேரளத்தில் ஜ்யோதிஸ் மையம். இலவசம், இரகசியம் காக்கப்படும்.

அட்மிட் ஆவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். பகலில் சேர்ந்து, இரவோடு இரவாக டிரிப் ஊசியைத் தாமே கழற்றிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எந்த வார்டு என்பதைச் சேரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஓரத்துக் கட்டில், திரை, தனி அறை என்று இருப்பதில் எது கிடைக்கும் என்று கேளுங்கள். அப்புறம் கேரள மருத்துவமனைகளில் தவறாமல் வரும் கேள்வி: "பைஸ்டாண்டர் யாரு?" வீட்டோடு உறவு விட்டுப்போனவர்கள் இங்கேதான் மடங்கிப்போகிறார்கள். கூட இருப்பவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஜமாத்தில் (திருநங்கையர் சேர்ந்து வாழும் குடும்பம்) அம்மாவாக ஏற்றவர் இருக்கலாம், மகளாக ஏற்றவர் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் இருக்கலாம். கையெழுத்தும் அப்படித்தான். 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அவர் மயக்க மருந்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் கேட்டுப் பெற்ற சம்மதம் செல்லாது. பதினெட்டு வயது நிரம்பி, நினைவோடு இருக்கும் நோயாளியின் உடம்புக்கு அவர் கையெழுத்துதான் வேண்டும்.

சட்டம் என்று எடுத்துக்கொண்டால், திருநரை (திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்வது) சட்டப்படி ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 நால்சா தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். கேரளம் 2015-லேயே திருநருக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது, இந்தியாவில் முதல் மாநிலமாக. மருத்துவமனையில் நமக்கு நேரடியாகப் பயன்படுவது 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். சிகிச்சையை மறுப்பதையும், பாதியில் நிறுத்துவதையும், சிகிச்சையில் நியாயமில்லாமல் நடத்துவதையும் அதன் 3-ஆவது பிரிவு தடை செய்தது. விபத்து, நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் எந்த மருத்துவமனையும் முதல் சிகிச்சையை மறுக்க முடியாது என்பது 1989-இலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் திருநர் திட்டத்துக்கு 2022-இல் ஒப்பந்தம் ஆனது. ஆனால் கவுன்டரில் கேட்டால் பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எல்லை தாண்டிப் போகிறவர்கள், கையில் உள்ள அட்டை அந்தப் பக்கம் செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பிள்ளையை அழைத்துவந்து "எப்படியாவது மாத்திக் கொடுங்க டாக்டர்" என்று கேட்கும் பெற்றோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்ற மருந்து இல்லை. மாற்றுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய "சிகிச்சை"களுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்து திருநராக இருப்பதை எடுத்துவிட்டது.

அவமானப்படுத்தினால் என்ன செய்வது? அங்கேயே கத்தித் தீர்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு மனசு ஆறும், சிகிச்சை நின்றுபோகும். கத்தக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. முடிந்தால் ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள். கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. கேரளத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாவிட்டால் 1056-இல் கேட்கலாம்.

எதையும் யோசிக்காமல் கிளம்ப வேண்டிய சில வேளைகள் இருக்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சில் அழுத்தம், சிறுநீர் அடியோடு நின்றுபோவது, அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் இரத்தம் நிற்காமல் போவது, செத்துவிடலாம் என்ற எண்ணம் விடாமல் வருவது. அப்போது பொள்ளாச்சியா பாலக்காடா, தெரிந்த ஆள் இருப்பாரா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். போனை எடுப்பவர் பெயர் கேட்டால் வாயில் வருவதைச் சொல்லுங்கள். ஆதாரில் என்ன இருக்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.