இரண்டு மைக் சேர்ந்தால் ஒலி ஏன் மெலிகிறது?

மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கத் தோலான தொப்பிக்கு ஒரு மைக். ஒலிச் சோதனையில் தொப்பி மைக்கை மட்டும் திறந்தால் கும்கி எனும் தாழ்ந்த முழக்கம் நெஞ்சில் அதிர்கிறது. வலந்தலை மைக்கை மட்டும் திறந்தால் நாதம் கணீரென்று வருகிறது. இரண்டையும் சேர்த்துத் திறந்ததும் கும்கி காணாமல் போகிறது, உலர்ந்த தட்டல் மட்டும் மிஞ்சுகிறது. மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்ஸரின் முன்னால் இருப்பவரின் கை உடனே தாழ்ந்த ஒலியைக் கூட்டும் குமிழுக்குப் போகும். அது தவறான இடம். இரண்டு மைக்குகளும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருக்கும்போது குமிழைத் திருப்பினால், அழிந்தது போக எஞ்சியதைத்தான் பெருக்க முடியும்.

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது. மைக் அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. மிக்ஸர் செய்வது வெறும் கூட்டல். இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் ஏறி ஒரே கணத்தில் இறங்கினால் கூட்டுத்தொகை இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபெல் கூடும். ஒன்று ஏறும்போது மற்றொன்று அதே அளவு இறங்கினால் மிஞ்சுவது பூஜ்யம். ஒரு சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 120 பாகை விலகியிருந்தால் கூட்டுத்தொகை ஒரே மைக்கின் அளவுதான். இரண்டாவது மைக்கினால் பயனே இல்லை. அதற்கும் மேல் விலகினால் நஷ்டம். ஒலிக்காரர்கள் ஃபேஸ் என்றும் பாடநூல்கள் கட்டம் என்றும் சொல்வது இந்த ஒப்பீட்டைத்தான்.

மிருதங்கத்தில் நடப்பதைப் பாருங்கள். தொப்பியை அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது, தன் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளிருக்கும் காற்று அழுந்தி வலந்தலைத் தோலை வெளியே, அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒரே அடிக்கு ஒரு மைக் அழுத்தம் குறைவதையும் மற்றொன்று கூடுவதையும் பதிவுசெய்கின்றன. தவிலுக்கும் இது பொருந்தும். மிக்ஸரில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அது போலாரிட்டியை மாற்றும். ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் புரட்டிவிடும். ஒரு மைக்கில் அதை அழுத்தினால் பெரும்பாலும் கும்கி திரும்பி வந்துவிடும். மைக் நிற்கும் தூரமும் கோணமும் கணக்கை மாற்றும் என்பதால் அழுத்தியும் விடுவித்தும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பொத்தானுக்குக் கட்டுப்படாத இன்னொரு வகை உண்டு. வீணையின் அதிர்வை நேரடியாக எடுக்க அதில் ஒட்டிய பிக்கப்பும், அதிலிருந்து 34 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் மைக்கும் சேர்ந்து ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 20 பாகை செல்சியஸில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே மைக்குக்கு ஒலி ஏறக்குறைய 1 மில்லி விநாடி தாமதமாக வருகிறது. 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது அரைச் சுழற்சி, அங்கே அழிவு. 1000 ஹெர்ட்ஸில் முழுச் சுழற்சி, அங்கே கூடுதல். 1500இல் மறுபடி அழிவு. வரைபடமாக வரைந்தால் சீப்பின் பற்களைப்போல வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். போலாரிட்டியை மாற்றினால் பள்ளமும் மேடும் இடம் மாறுமே தவிர ஒழியாது. அதுவரை நன்றாக இருந்த அடித்தள ஒலியும் போய்விடும். இங்கே தேவை டிலே: பிக்கப்பை 1 மில்லி விநாடி தாமதப்படுத்த வேண்டும். டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் ஒவ்வொரு சேனலிலும் இந்த வசதி இருக்கிறது. ஆனால் அதே மிக்ஸரில் ஒரு பாதையில் மட்டும் கூடுதல் எஃபெக்ட் சேர்த்தால் அதுவே தாமதத்தை உண்டாக்கக்கூடும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்கள்) எடுத்து இயங்கும் மிக்ஸரில் 64 சாம்பிள் பின்தங்கினால் 1.33 மில்லி விநாடி. முதல் பள்ளம் 375 ஹெர்ட்ஸில், குரலின் நடுவிலேயே விழும்.

சோதனைக்குக் கருவிகளைவிட முதலில் காது போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சேனலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதே உரப்புக்குக் கொண்டுவர வேண்டும். சமமாக இல்லாவிட்டால் அழிவு முழுமையாகத் தெரியாது. இருபுற ஸ்பீக்கர்களும் தங்களுக்குள்ளேயே குறுக்கிடும் என்பதால் ஒரு பக்கத்தை மூடிவிட்டுக் கேட்பது நல்லது. பிறகு போலாரிட்டி பொத்தானை அழுத்தி விடுவித்து, எந்த நிலையில் தாழ்ந்த ஒலி நிறைவாக இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் இரு அலைகளும் கால் சுழற்சி அளவில் விலகியிருக்கலாம். அப்போது வேண்டுமென்றே போலாரிட்டியைப் புரட்டி வைத்து, ஒலி மிக மெலிந்துபோகும்வரை டிலேயை நகர்த்திவிட்டு, பொத்தானை விடுவிக்க வேண்டும். ஒலி நிறைவதைவிட மறைவதைக் காது கூர்மையாகக் கண்டுகொள்கிறது. அதனால்தான் இந்த வழி.

தனியாகக் கேட்டால் போலாரிட்டி தவறு ஏறக்குறைய யாருக்கும் தெரியாது. பழுதுபார்க்கும்போது, மைக் கேபிளின் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பின் 2, 3ஆம் பின்களை மாற்றிப் பற்றவைத்த ஒரு கேபிள், வேறொரு மைக்குடன் சேரும் நாள்வரை ஒழுங்காகவே ஒலித்துக்கொண்டிருக்கும்.

இதே அழிவைக் கருவியாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1974இல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, பாடகர்களுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கர் சுவர் ஒன்றை எழுப்பியது. அந்த ஒலி மைக்குக்குள் புகுந்து ஊளையிடாதிருக்க, ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிர் போலாரிட்டியில் இரண்டு மைக்குகள். சுவரின் ஒலி இரண்டிலும் சமமாக விழுந்து அழிந்தது. பாடகர் ஒன்றில் மட்டும் பாடினார். உதடு சற்று விலகினால் குரலும் சேர்ந்து மெலியும் என்பது அதன் விலை.

ஸ்பீக்கர்களிலும் இதே கணக்குத்தான். தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரும் மேலே தொங்கும் பெரிய ஸ்பீக்கரும் 100 ஹெர்ட்ஸில் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன என்றால், கேட்பவருக்கு அவற்றின் தூரத்தில் 1.7 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே அங்கே அழிவு. ஸ்மார்ட் (Smaart) முதலிய ஒலி அளவீட்டு மென்பொருள், மிக்ஸரிலிருந்து போன சமிக்ஞையையும் அளவீட்டு மைக்குக்கு வந்து சேர்ந்ததையும் ஒப்பிட்டு இந்த விலகலைத் திரையில் காட்டும். ஓர் இருக்கைக்குச் சரிசெய்தது இன்னோர் இருக்கைக்குச் சரியாக இராது. எனவே மிக்ஸர் மேசைக்கு வசதியான இடத்தை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவில் மைக்கை நிறுத்தி அளக்க வேண்டும். திறந்தவெளியில் வெப்பநிலையும் குறுக்கே வரும். 35 பாகையில் ஒலியின் வேகம் சுமார் 352 மீட்டர். பகல் வெயிலில், மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளிய ஸ்பீக்கருக்கு வைத்த டிலே, இரவில் வெப்பம் 20 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய 4 மில்லி விநாடி பிசகிவிடும். 130 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது அரைச் சுழற்சி. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒருமுறை மறுபடி அளந்துதான் ஆக வேண்டும்.