முன்பணம் வாங்கினால் ஆள் அடமானமா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்வது

செங்கல் சூளைக்குக் கணவனும் மனைவியுமாகக் கல் அறுக்கப் போகிறார்கள். பெண்ணின் பிரசவச் செலவுக்கு 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியாயிற்று. சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது மேஸ்திரி நோட்டைப் புரட்டி, அட்வான்ஸில் கொஞ்சம் கழித்ததாகச் சொல்லி, அரிசி பருப்புக்கு மட்டும் பணம் தருகிறார். மழையில் கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி கிடையாது. வருஷம் முடியும்போது கடன் கூடித்தான் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் போகலாம், மற்றவர் இங்கே இருக்க வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. முன்பணத்தைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுப்பது, வேறு வேலைக்கு விடாதது, வெளியூர் போகவிடாதது, இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் இருக்க வேண்டியதில்லை.

“அவர்களேதான் கேட்டு வாங்கினார்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை” என்பதுதான் முதலாளிகள் எப்போதும் சொல்லும் பதில். நம்மில் பலரும் அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்கி, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவரை உழைக்க வைத்தால், அதுவும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புத்தான் என்றது. எனக்கு இது வெறும் சட்ட நுணுக்கமாகத் தெரியவில்லை. கடன் வாங்கியவர் பணத்துக்குத்தான் பொறுப்பு. அவருடைய நாளும் நடமாட்டமும் பிள்ளைகளின் படிப்பும் ஈடாக வைக்கக்கூடிய பொருள்கள் அல்ல. வயிறு காய்கிறவர் தலையசைத்ததால் அவை ஈடாகிவிடாது.

ஆகவேதான் சட்டம் வட்டியைக் குறைக்கச் சொல்லவில்லை, கடனையே இல்லாமல் ஆக்குகிறது. அந்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதன் பிறகும் வசூலித்தால், வசூலிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவருடையதே. குடியிருந்த வீட்டிலிருந்தும் வெளியேற்ற முடியாது.

புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ (ஆர்டிஓ) கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவரே போக வேண்டும் என்பதில்லை, விவரம் தெரிந்த யாரும் சொல்லலாம். விசாரணையில் தொழிலாளியை முதலாளிக்கு எதிரில் நிறுத்திக் கேட்டால் உண்மை வராது. தனியே வைத்துக் கேட்கும்படி வலியுறுத்துங்கள்.

மீட்கப்பட்டதும் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கு முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். இந்தப் பெரிய தொகை வழக்கின் தீர்ப்போடு சேர்த்துப் பார்க்கப்படுவதால் இழுபடுகிறது. கூலியை முழுசாகப் பார்க்காதவர்களை மறுபடி காக்க வைப்பது நியாயமே இல்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அதிகாரிகள் எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழ். குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். கணவன், மனைவி, வேலை செய்த பிள்ளை என ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே கேளுங்கள். மேஸ்திரியின் நோட்டில் மனைவியின் பெயர் பெரும்பாலும் இருக்காது, அவர் அறுத்த கல்லும் கணவர் கணக்கில்தான் ஏறியிருக்கும்.